மழையும் பனியும் தேகாப்பியாசமும்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது நாம் பெரிதும் தயங்கினோம். கல்லூரியின் கல்விச் சிறப்பை எழுதப் பேராசிரியர்கள் இருக்கின்றனர். அதன் வரலாற்றை எழுத முன்னாள் அதிபர்கள் இருக்கின்றனர். விளையாட்டு வெற்றிகளைப் பட்டியலிடக் கேடயங்களும் கிண்ணங்களும் சுமந்த வீரர்கள் இருக்கின்றனர். நாமோ வகுப்பில் நடுவரிசையிலும் மைதானத்தில் பின்வரிசையிலும் இருந்து, 1968-ஆம் ஆண்டில் அமைதியாக விடைபெற்றுச் சென்ற ஒரு சாதாரண மாணவன். ஆயினும் நம்மிடம் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. இவ்வைம்பது ஆண்டுகளாக நாம் தேகாப்பியாசத்தைப் பெரும்பாலும் கைவிடாது செய்து வருகிறோம். இதைத் தற்புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அப்பழக்கத்தை ஒருமுறை அடியோடு கைவிட்டு, அதனால் அவமானப்பட்டு, பின்னரே அதனை மீட்டோம். அவ்வாறு கைவிட்டதும் மீட்டதும் குளிரும் மழையும் மிக்க மலைநாட்டிலேயாம். அந்தக் கதையைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் காலத்தில் கல்லூரியிலே தேகாப்பியாசம் ஒரு பாடமாக மட்டும் இருக்கவில்லை. அஃது ஓர் ஒழுக்கமாகவே இருந்தது. மாலை மணி அடித்ததும் பனைவேலிக்கு இப்பால் உள்ள மைதானத்திலே வரிசை வரிசையாக நிற்போம். தேகாப்பியாச ஆசிரியர் ஊதும் சீழ்க்கைக்குக் கைகள் உயரும், கால்கள் விலகும். மழை பெய்கின்ற நாட்களிலே, “இன்று விடுமுறையோ?” என்ற ஆவலுடன் அவர் முகத்தைப் பார்ப்போம். அவரோ ஒன்றும் பேசாமல் பிரார்த்தனை மண்டபத்தின் வாங்குகளை ஒதுக்கச் சொல்லுவார். அங்கேயே பயிற்சி நடைபெறும். மழையென்று ஒரு நாளேனும் அவர் பயிற்சியை நிறுத்தியதில்லை. அதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. வாங்கு தூக்கும் வேலைதான் பெருந்துன்பமாகத் தோன்றியது.

யாழ்ப்பாணத்துக் குளிர் எத்தகையது என்பதை அனைவரும் அறிவர். மார்கழியிலே விடியற்புறத்தில் எழுந்து, கிணற்றடியில் நீராடி, சங்கும் சேமக்கலமும் முழங்கத் திருவெம்பாவை பாடிக்கொண்டு வீதிவழியே செல்லும்பொழுது பல் சற்றே கிட்டும். வெயில் ஏறியதும் அது மறந்துபோம். இதனையே பெருங்குளிர் என்று நினைத்து வளர்ந்த நாம், 1973-ஆம் ஆண்டு உத்தியோக நிமித்தம் மலைநாட்டுக்குச் சென்றோம். சென்று சேர்ந்த இடம் பொல்பிட்டிய.

பொல்பிட்டிய நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் நுவரெலியாவைப் போல உயரத்தில் இருப்பதன்று. மலைகளின் அடிவாரத்திலே, கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகப் பெயர் பெறும் இடத்தை அண்டிய பள்ளத்தாக்கு அது. இலங்கையின் நீர்மின் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள் 1918-ஆம் ஆண்டிலேயே மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று எடுத்துரைத்தார். 1950-இல் பழைய இலக்சபானா நிலையம் இயங்கத் தொடங்கியது. 1969-இல் பொல்பிட்டிய நிலையம் 75 மெகாவற்று ஆற்றலுடன் வந்து சேர்ந்தது. மேலே உள்ள நிலையங்களில் ஒருமுறை உழைத்த நீரே இலக்சபானாக் குளத்தில் தேங்கி, மீண்டும் மலையைக் குடைந்து இறங்கி, பொல்பிட்டியவில் மறுபடியும் உழைக்கிறது. உழைத்த நீரும் ஓயாமல் உழைக்கின்ற அவ்விடத்திலேதான் நாம் சோம்பிக் கிடக்கக் கற்றோம் என்பதை நினைக்க இன்றும் நாணம் உண்டாகின்றது.

சென்ற முதல் மாதத்தில் நாம் தவறாது காலையில் நடந்தோம். வைகாசியின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை வந்தது. யாழ்ப்பாணத்திலே ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. பொல்பிட்டியவுக்கு மேலே வட்டவளைப் பகுதியிலோ ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கின்றது. நம் ஊரில் மழை வந்து போகும் விருந்தாளி. அங்கோ அது வீட்டுக்காரன். துவைத்த துணி மூன்று நாளாகியும் உலராது. சப்பாத்தின் உள்ளே பூஞ்சணம் பூக்கும். புல்லின்மீது கால் வைத்தால் அட்டைகள் ஏறிக் கணுக்காலைப் பற்றும். வீடு வந்து காலுறையைக் கழற்றிய பின்னரே இரத்தம் ஒழுகுவது தெரியவரும்.

முதல் நாள், “மழை விட்டதும் போகலாம்” என்றிருந்தோம். இரண்டாம் நாள், “இந்த வாரம் போகட்டும்” என்றோம். பின்னர், “பருவமழை முடியட்டும்” என்றோம். பருவமழை முடிந்தது, அதற்குள் போர்வைக்குள் கிடக்கும் சுகம் நம்மைப் பற்றிக்கொண்டது. அட்டை பற்றினால் உப்பிட்டு அகற்றலாம். சவர்க்காரம் பூசித் தடுக்கலாம். சோம்பல் பற்றினாலோ பற்றியதே தெரிவதில்லை. டிசெம்பரில் மேல்மலைகளிலிருந்து குளிர்காற்று இறங்கியபொழுது நமக்குப் புதிய சாட்டு ஒன்றும் கிடைத்தது. இவ்வாறு ஒன்றரை ஆண்டு கழிந்தது. காற்சட்டை இரண்டு தையற்காரனிடம் போய்வந்தன.

1975-ஆம் ஆண்டு ஜனவரியிலே சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போவதென அயலவர் சிலர் முடிவு செய்தனர். டிசெம்பர் மாதத்துப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை அம்மலையின் யாத்திரைக் காலம். மலைநாட்டின் கடுங்குளிர் மாதங்களும் அவற்றுள்ளேயே அடங்குவன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அம்மாதங்களிலே அப்பக்கத்தில் மழை குறைந்து வானம் தெளிந்திருப்பதால், குளிரைப் பொறுத்தேனும் ஏறுதல் நன்றென முன்னோர் கண்டனர். குளிர்காலம் முடங்கிக் கிடக்கும் காலம் என்று நாம் எண்ணியிருக்க, இந்நாட்டுச் சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அதனையே ஏறும் காலமாகக் கொண்டு பல நூற்றாண்டுகளாக ஏறி வந்திருக்கின்றனர். 1344-ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா அம்மலையில் ஏறி, பற்றி ஏறுதற்கென அங்கே இருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதி வைத்துள்ளார்.

“கல்லூரி மைதானத்திலே எத்தனை சுற்று ஓடியிருப்போம்! இந்த மலை எம்மாத்திரம்?” என்ற செருக்குடன் நாமும் புறப்பட்டோம். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று நள்ளிரவில் ஏறத் தொடங்கினோம். மலையின் உயரம் 2,243 மீற்றர்; நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் செங்குத்தாக உயர வேண்டும். முதல் ஒரு மணி நேரம் நாமே முன்னே சென்றோம். இரண்டாம் மணியில் நடுவே சென்றோம். மூன்றாம் மணியில் நமக்குப் பின்னே ஒருவரும் இல்லை. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை, நின்றவுடன் பனிக்கட்டியைப் போல முதுகோடு ஒட்டியது. நெஞ்சு படபடத்தது, கண் இருண்டது, தொடைகள் நடுங்கின. உச்சி விளக்குகள் தலைக்கு மேலே தெரிய, நாம் ஒரு படியின் ஓரத்திலே சரிந்து விழுந்தாற்போல் உட்கார்ந்தோம்.

அவ்வேளையில் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று அரோகரா சொல்லிக்கொண்டு ஏறி வந்தது. அதிலே அறுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர். காலிற் செருப்பும் இல்லை. தலைமேலே கம்பளி போட்டிருந்தார். நம்மைக் கண்டதும் நின்றார். தம் கம்பளியை எடுத்து நம் தோளிலே போர்த்தினார். பேரனிடமிருந்து கருப்பட்டித் துண்டொன்றை வாங்கி நம் கையிற் கொடுத்தார். பின்னர், “மெதுவா வாங்கய்யா. மலை எங்கேயும் போயிறாது. நின்னு நின்னு ஏறுங்க, உக்காந்துட்டா மட்டும் காலு கட்டிக்கும்” என்றார்.

அவர் சொன்னவாறே பத்துப் படி ஏறி நின்று, மீண்டும் பத்துப் படி ஏறி, கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு உச்சியை அடைந்தோம். சூரியன் உதித்து, மலையின் முக்கோண நிழல் மேற்கே மேகத்தின்மீது விழுந்ததை எல்லோரும் வியந்து பார்த்தனர். நாம் அம்மூதாட்டியின் வெறுங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பொழுது நமக்கு வயது இருபத்தாறு.

கம்பளியைத் திருப்பிக் கொடுத்து, ஒரு சேலையும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணியிருந்தோம். இறங்கும் வழியில் அவரே கம்பளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்; தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டறிந்தோம். சேலையுடன் அங்கே போய்ச் சேர நமக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அக்குடும்பம் தலைமன்னார் வழியே இந்தியாவுக்குப் போய்விட்டதாக லயத்திலிருந்தோர் சொன்னார்கள். நன்றி சொல்லுவதையும் நாம் நடைப்பயிற்சியைப் போலவே, “பிறகு, பிறகு” என்று தள்ளிப்போட்டோம். அச்சேலை நெடுங்காலம் நமது பெட்டியிலே கிடந்தது.

மலையிலிருந்து இறங்கிய வாரமே பயிற்சியைத் தொடங்கினோம். இம்முறை செருக்குடன் தொடங்கவில்லை. வாங்குகளை ஒதுக்கச் சொன்ன ஆசிரியரின் கருத்தும் அப்பொழுதே விளங்கிற்று. வானத்தைப் பார்த்துப் பயிற்சி செய்பவன் ஆண்டில் பாதி நாள் பயிற்சி செய்யான். மணியைப் பார்த்துச் செய்பவனே தொடர்ந்து செய்வான். ஆதலால் நேரத்தை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றினோம். வானம் வெளித்த நாளில் வீதி. மழை நாளில் விறாந்தை. விறாந்தையிலே சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று, தண்டால், பைஸ்கி, வாசற்படியில் ஏறி இறங்குதல், இரண்டு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் நடத்தல். அரைமணி நேரத்திற் காரியம் முடியும். பொருட்செலவு ஒரு சதமும் இல்லை.

குளிரிடத்து அப்பியாசம் செய்வோர் அறிய வேண்டுவன சில உள. அவற்றை அனுபவத்தாலும் வைத்தியர் வாயிலாகவும் அறிந்தவாறே எழுதுகின்றோம். குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் இரத்த அழுத்தம் ஏறுகின்றது. இதயத்தின் வேலை கூடுகின்றது. குளிர் மாதங்களிலே மாரடைப்பு மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலால் போர்வையை உதறிய உடனே வெளியே ஓடலாகாது. வீட்டினுள்ளேயே பத்து நிமிடம் கைகால்களை மெல்ல அசைத்து, உடல் சூடேறிய பின்னரே வெளியேற வேண்டும். முதியோரும் இரத்த அழுத்தம் உடையோரும் விடியற்குளிரை விடுத்து, வெயில் ஏறியபின் நடப்பதே நன்று. நெஞ்சு நோவோ இறுக்கமோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை வெகு விரைவில் போக்கும்; கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். தோட்டத் தொழிலாளர் மழையிற் கம்பளியைத் தலைமேலிட்டது அறியாமையால் அன்று. ஒரு தடித்த சட்டையைவிட இரண்டு மூன்று மெல்லிய சட்டைகள் மேல்; சூடேறினால் ஒன்றைக் களையலாம். திரும்பி வந்ததும் ஈர உடையை மாற்றிவிட வேண்டும். குளிரிலே தாகம் தெரியாது; ஆயினும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கின்றது. ஆதலால் தாகமில்லாவிடினும் நீர் அருந்துதல் வேண்டும். இடையிலே சில வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். சிவனொளிபாத மலையிலே நமக்கு நேர்ந்தது இதனை மறந்த குற்றமே.

இனிச் சொல்லப்போவது எழுதுவதற்கு எளிதன்று. நமக்கு மூன்று வகுப்பு மேலே கற்றவரும், நூறு யார் ஓட்டத்திலே நம் கண்முன்னே மின்னலைப்போலப் பறந்தவருமான பழைய மாணவர் ஒருவர், அக்காலத்தில் மேல்மலைத் தோட்டமொன்றிலே டீ மேக்கராக இருந்தார். அவர் இருந்த இடம் 1,500 மீற்றருக்கும் மேலே. தை மாசி இரவுகளிலே உறைபனி விழுந்து தேயிலைத் தளிர் கருகுவதும் உண்டு. விடுமுறைகளில் சந்திப்போம், கல்லூரிக் கதை பேசுவோம். “அண்ணை, நீங்களும் நடக்கத் தொடங்குங்கோ” என்போம். “இந்தப் பனி ஒருக்கால் குறையட்டும் தம்பி” என்பார். நாம் மலைநாட்டை விட்டு வந்த பின்னர் கடிதத்திலும் அப்படியே எழுதினார். 1986-ஆம் ஆண்டு மார்கழியில் வந்த கடிதத்திலும் அவ்வாக்கியம் இருந்தது. மறுமொழி எழுதுவதை நாம் பொங்கலுக்குப் பின் என்று வைத்திருந்தோம். பொங்கலுக்கு முன்னரே அவர் விடியற்காலையில் தொழிற்சாலைக்குச் செல்லும் ஏற்றத்திலே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார் என்ற செய்தி வந்தது. வயது நாற்பத்தொன்று.

நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்ல மாட்டோம். இதய நோய்க்குக் காரணங்கள் பல. விதிக்குக் கணக்கு நம்மிடம் இல்லை. ஆயினும், பனி குறையட்டும் என்று அவர் காத்திருந்த ஆண்டுகளையும், பொங்கல் கழியட்டும் என்று நாம் வைத்திருந்த கடிதத்தையும் நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கின்றது.

விஞ்ஞானிகள் கண்டவற்றுள் இரண்டைமட்டும் இங்கே குறிப்பிடுகின்றோம். 1953-ஆம் ஆண்டில் ஜெரி மொறிஸ் என்னும் வைத்திய அறிஞர் இலண்டன் பேருந்து ஊழியரை ஆராய்ந்தார். இருந்த இடத்திலேயே இருந்து ஓட்டிய சாரதிகளைவிட, இரட்டைத் தட்டுப் பேருந்தில் நாள்தோறும் படியேறி இறங்கிய நடத்துனர்க்கு இதய நோய் குறைவாகவே இருந்தது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரிலே இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் கிடத்திப் பார்த்தனர். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபொழுது, முப்பது ஆண்டு முதுமை குறைத்த தேகவலிமையைக் காட்டிலும், அம்மூன்று வாரப் படுக்கை குறைத்த வலிமையே அதிகம் என்று கண்டனர். நாம் பொல்பிட்டியவிற் போர்வைக்குள் கிடந்தது மூன்று வாரமன்று, ஒன்றரை ஆண்டு! ஆனால் அவ்வாராய்ச்சியில் ஆறுதலும் உண்டு: இருபதிலும் சரி, ஐம்பதிலும் சரி, பயிற்சியால் அவர்கள் வலிமை மீண்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி போதும். நாளொன்றுக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள், அவ்வளவே.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். காலைப் பெரட்டுக்கு இருளிலே எழுந்து, கூடைக் கயிற்றை நெற்றியிலே தாங்கி, மழையிலும் பனியிலும் நாள் முழுவதும் மலை ஏறி இறங்கும் கொழுந்தெடுக்கும் பெண்களின் எதிரே நின்று தேகாப்பியாசத்தைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சமாகவே இருந்தது. உழைப்பு வேறு, அப்பியாசம் வேறு. போதிய உணவும் ஓய்வும் இன்றிச் செய்யும் உழைப்பு உடலைத் தேய்க்கும்; உணவும் ஓய்வும் உடையவன் தானே விரும்பிச் செய்யும் அப்பியாசம் உடலை வளர்க்கும். அந்த மூதாட்டியின் கால்களின் வலிமையை வியந்த நாம், அவ்வலிமைக்கு அவர் கொடுத்த விலையை உணரப் பல்லாண்டு சென்றது. மேசையடியில் இருந்து உத்தியோகம் பார்ப்போர்க்குக் கிடைத்த ஓய்வு ஒரு பேறு. அப்பேற்றைப் போர்வைக்குள் வீணாக்குதல் பிழை.

1983-ஆம் ஆண்டு ஜூலைக்குப் பின் நாம் யாழ்ப்பாணம் திரும்பினோம். பின் வந்த ஆண்டுகளிலே வெளியே நடக்க முடியாத நாட்கள் எத்தனையோ! ஊரடங்கு நாட்களிலே, பொல்பிட்டிய விறாந்தை கற்பித்த பாடமே நமக்குக் கைகொடுத்தது. வீட்டுத் திண்ணையே மைதானம் ஆயிற்று. 2020-இல் கொள்ளைநோய் காரணமாக மீண்டும் வீடடைந்து கிடந்தபொழுது, பேரப்பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திச் சீழ்க்கை ஊதினோம். சீழ்க்கை நமது ஆசிரியருடையதைப்போலக் கணீரென்று ஒலிக்கவில்லை; எனினும் பிள்ளைகளின் கைகள் உயர்ந்தன.

மாணவர்களே! உங்கள் வகுப்பை விட்டு நீங்கள் செல்லும் இடத்திலே பனி பெய்யலாம். நம் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் நோர்வேயிலும் இங்கிலாந்திலும் உறைபனிக்கு நடுவே வாழ்கின்றனர். எங்கே சென்றாலும் மைதானம் உங்களோடு வராது, பழக்கம் வரும். அதை இங்கேயே தேடிக்கொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! மழை நாளிலே பயிற்சியை நிறுத்திவிடாது வாங்குகளை ஒதுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், ஐம்பது ஆண்டின் பின் நன்றி சொல்லுவார்கள். நம்மோடொத்த பழைய மாணவர்களே! உங்கள் நண்பர் ஒருவர், “பனி குறையட்டும்” என்று சொல்லிக்கொண்டிருப்பாராயின், இம்மலரை மூடி வைத்துவிட்டு அவருக்கு இன்றே ஒரு வார்த்தை எழுதுங்கள். முடியுமாயின் நேரிற் சென்று அழைத்துக்கொண்டு நடங்கள்.

நமக்கு இப்பொழுது எழுபத்தாறு வயது நடக்கின்றது. இன்று காலையிலும் மழை. விறாந்தையிலே பன்னிரண்டு சுற்றை ஆறாகக் குறைத்துக்கொண்டு முடித்தோம். நின்று நின்றே செய்தோம், உட்காரவில்லை.

வாழ்க நம் கல்லூரி. வளர்க அதன் பணி.